நகரத்திற்கு ஒரு திண்ணை

மக்கள் வாழ்க்கையில் மிகச் சிறியனவாகத் தோன்றும் சில செய்திகள், ஊன்றி நோக்குங்கால் பெரியனவாக விளங்குகின்றன. மாலை நான்கு மணிக்கு ஒருவர் எங்கே சென்று, எவ்வளவு கொடுத்து, எவ்வாறு தேநீர் பருகுகிறார் என்பதும் அத்தகையதொரு செய்தியே. தமிழ் பயிலும் மாணவர் சங்கச் செய்யுட்களை விடுத்துத் தேநீர்க் குவளையைக் கையிலெடுத்தது என்னையோ என்று எம் ஆசிரியப் பெருமக்கள் நகைப்பாராயின், விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவனார் பிறந்த நாட்டில் இது நகைத்தற்குரிய பொருளன்று எனப் பணிவுடன் விடை கூறுவோம்.

சென்னை போன்ற மாநகரில் பிற்பகல் நான்கு மணி ஒரு தனிப்பொழுது. நண்பகல் உணவின் வலிமை குன்றி, இரவு உணவு தொலைவிலிருக்கும் நேரம் அது. அலுவலகங்களில் எழுதுவோரும், துணிக்கடைகளில் காலைமுதல் நின்று விற்போரும், மருத்துவமனை வாயிலில் நோயாளிக்குத் துணையாகக் காத்திருப்போரும், மனுவொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியூரிலிருந்து வந்தோரும், எம்மனைய மாணவரும் அந்நேரத்தில் தேடுவது ஒன்றே. சூடாக ஒரு குவளைத் தேநீர், உடன் ஒரு வடையோ இரண்டு பிஸ்கட்டோ, அதன்மேல் கால்மணி நேர ஓய்வு. இவற்றுள் முன்னிரண்டும் இந்நகரில் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. மூன்றாவதே அரிதாகி வருகிறது. தேநீர் வேண்டுவது நாவிற்கு மட்டுமன்று, காலுக்குமாம் என்பதே இக்கட்டுரையில் யாம் நிலைநாட்ட விரும்புவது.

முன்னாளில் சிற்றூர்களில் வழிப்போக்கர் அமர்தற்குத் திண்ணை வைத்த வீடுகள் தெருத்தோறும் இருந்தன. பெருவழிகளில் சத்திரங்களும் சாவடிகளும் இருந்தன. நகரத்தில் வீட்டின்மேல் வீடாக அடுக்கத் தொடங்கியபின் திண்ணை மறைந்தது. உற்றார் வீடொன்றும் இல்லாத நகரத்திற்கு வந்த ஒருவர்க்கு எஞ்சியிருக்கும் ஒரே திண்ணை தேநீர்க்கடையின் பெஞ்சும் சிற்றுண்டிச்சாலையின் நாற்காலியுமே. பழைய திண்ணைதானும் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. அதனை நினைவூட்டிய நிகழ்ச்சியொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

எம் விடுதித் தோழர் ஒருவருடைய அன்னையார் சென்ற ஆண்டில் மகனைக் காண்பதற்குத் தென்மாவட்டச் சிற்றூரொன்றிலிருந்து இரவெல்லாம் பேருந்திற் பயணம் செய்து வந்திருந்தார். வயல்வேலையிலே தேய்ந்த முழங்கால் அவருக்கு. கடற்கரையைக் காட்டிவிட்டு, நான்கு மணியளவில் அவரை அழைத்துக்கொண்டு யாம் நால்வர் ஒரு சிற்றுண்டிச்சாலைக்குச் சென்றோம். எம்மிடம் இருந்த பொருள் நூற்றிருபது ரூபாய். வாயிலில் நின்றவர், “டிபனா?” என்று வினவினார். ஐந்து தேநீர் மட்டும் வேண்டுமென்றோம். “டீ மட்டும்னா கவுண்டர்ல டோக்கன் வாங்கி வெளியில நின்னு குடிங்க தம்பி, டேபிள் டிபனுக்குத்தான்” என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. நாள்தோறும் நூறு பேர்க்குச் சொல்லுவதையே எமக்கும் சொன்னார். உள்ளே மேசைகள் பல வெறுமையாயிருந்தன. “அம்மா மட்டுமாவது உட்காரட்டும், அண்ணா” என்று தோழர் வேண்டினார். அதற்கு விடை வருமுன்னரே அன்னையார் முன்வந்து, “விடுங்கய்யா, நின்னு குடிக்கிறது எனக்கென்ன புதுசா?” என்று சொல்லிச் சிரித்தார்.

சிரித்தவர் அவர் ஒருவரே. எம் தோழர் தலைகவிழ்ந்து நின்றார். அச்சொல்லின் பொருளை அன்றிரவு விடுதியில் அவர் வாயிலாகவே அறிந்தோம். அன்னையார் இளம்பெண்ணாயிருந்த காலத்தில், அவர்தம் ஊர்த் தேநீர்க்கடையில் அவர் குலத்தார்க்கெனத் தனிக் குவளை இருந்ததாம். கடைப் பெஞ்சு அவர்களுக்கு உரியதன்று. கூலிவேலை முடிந்து வருவோர் தெருவில் நின்றேனும் குந்தியேனும் குடித்துவிட்டு, குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்துச் செல்லல் வேண்டுமாம். பட்டணத்தில் படிக்கும் மகனோடு ஒரு மேசையில் அமர்ந்து தேநீர் குடிக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை என்றும் தோழர் கூறினார்.

வாயிலில் நின்றவர்க்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. அவர் எவர் குலத்தையும் வினவவில்லை. எவ்வளவு செலவிடுவீர் என்பதொன்றையே வினவினார். முன்னது கொடுமை, பின்னது வாணிகக் கணக்கு. இரண்டும் ஒன்றென்று யாம் கூறவில்லை. ஆயினும் வாழ்நாளெல்லாம் நின்று சலித்த ஒருவரிடத்தில் இரண்டும் ஒரே முடிவாக வந்து சேர்ந்ததை எம் கண்ணாற் கண்டோம்.

தமிழ்நாட்டில் ஒருங்கமர்ந்து உண்ணும் உரிமை எளிதில் வந்ததன்று. காப்பிச் சாலைகள் பெருகிய காலத்தில் அவற்றுட் பலவற்றில் பிராமணர்க்கெனத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. காப்பி கற்றோர்க்கும் நடுத்தரக் குடியினர்க்கும் உரிய பானமாகவும், தேநீர் தொழிலாளர்க்கும் ஏழைகட்கும் உரியதாகவும் மதிக்கப்பட்டமையை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி விளக்கியுள்ளார். 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சமயம், சாதி, பால் முதலியன காரணமாக எவரையும் தடுத்தல் கூடாதென்று விதித்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் இயற்றப்பட்ட சட்டம் தீண்டாமைச் செயல்களுக்குத் தண்டனை வகுத்தது. அதன் பின்னரும், 1957-ஆம் ஆண்டில், திருவல்லிக்கேணியில் உணவகமொன்றின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்குமாறு பெரியார் ஈ. வெ. இராமசாமி கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. சிற்றூர்களில் இரட்டைக் குவளை வழக்கம் முற்றும் ஒழிந்ததென்று இன்றும் சொல்வதற்கில்லை. உணவகத்தில் நுழைந்து அமர்வதற்காக நாட்டின் தலையாய சட்டமே வாய்திறந்து பேசவேண்டியிருந்தது என்பதை எண்ணுங்கால், நாற்காலி சிறு பொருளன்று என்பது தெளிவாம்.

இனி, பிற்பகல் தேநீர் என்னும் வழக்கம் பேர்பெற்று வளர்ந்த இலண்டன் மாநகரில் இவ்விடர்ப்பாடு எங்ஙனம் தீர்ந்தது என்பதைச் சிறிது காண்போம். அவ்வழக்கத்தை 1840-ஆம் ஆண்டையொட்டிப் பெட்போர்டுக் கோமகளாகிய அன்னா மரியா என்பார் தொடங்கினர் என்பர். தொடக்கத்தில் அது செல்வர்தம் மாளிகைக் கூடங்களுக்கே உரியதாயிருந்தது. நகரத்தில் நாள்முழுதும் உழைக்கும் எழுத்தர்க்கும் கடைப்பெண்களுக்கும் அக்கூடங்களில் இடமேது? மதுக்கடைகளோ தனித்துச் செல்லும் பெண்டிர்க்கு ஏற்றனவல்ல. 1864-ஆம் ஆண்டில் ஏ.பி.சி. எனப்பட்ட ரொட்டிக் கம்பெனியார் தேநீர்ச்சாலை தொடங்கினர். 1894-இல் லயன்ஸ் கம்பெனியார் பிக்காடிலித் தெருவில் தம் முதற் சாலையைத் திறந்தனர். தூய மேசை, அளவான விலை, தனியே வரும் பெண்ணும் அச்சமின்றி அமரத்தக்க இடம் என்பனவே இச்சாலைகளின் சிறப்பு. வாக்குரிமை வேண்டிப் போராடிய பெண்டிர் கூடிப் பேசிய இடங்களுள் இவையும் அடங்கும். 1909-இல் லயன்ஸார் கவென்ட்ரித் தெருவில் ‘கார்னர் ஹவுஸ்’ என்னும் பெருஞ்சாலையையும் நிறுவினர்.

இவற்றை நடத்தினோர் அறச்சாலை வைத்தோரல்லர். ஊதியம் கருதிய வணிகரே. ஒரே பெருஞ்சமையற்கூடத்தில் ரொட்டியும் பணியாரமும் செய்து பல சாலைகளுக்கும் அனுப்பினர். தேயிலையையும் தாமே பக்குவப்படுத்தி விற்றனர். ஆதலின் ஒருவரிடம் பெறும் ஊதியம் சிறிதாயினும் பலரால் அது பெரிதாயிற்று. கார்னர் ஹவுஸ்களுள் எஞ்சியிருந்ததும் 1977-இல் மூடப்பட்டதாயினும், முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக எளியோர் அமர்ந்து தேநீர் பருக இடந்தந்த பெருமை அக்கம்பெனியாரைச் சாரும். எளியவர்க்கு நாற்காலி கொடுத்தால் வாணிகம் கெடும் என்பார்க்கு இதுவே தக்க விடையாகும்.

நம் சென்னையின் இன்றைய நிலை யாது? தெருமுனைத் தேநீர்க்கடையை யாம் இகழோம். பன்னிரண்டோ பதினைந்தோ ரூபாய்க்கு, மாஸ்டர் கையுயர்த்தி ஆற்றித்தரும் தேநீரின் சுவையை வேறெங்கும் கண்டிலோம். ஆயின் சாலை அகலமாக, நடைபாதை குறுகக் குறுக, அக்கடைகளின் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்று காகிதக் குவளையைப் பிடித்துக்கொண்டு, முழங்கைக்கு அருகே மோட்டார் வண்டிகள் உராய்ந்து செல்ல, சாலையோரத்தில் நின்று குடிக்கிறோம். ஆடவர் நிற்பர், முதியோர் எங்ஙனம் நிற்பர்? அக்கூட்டத்தின் நடுவே பெண்டிர் எத்தனை பேர் நிற்கக் காண்கிறோம்? மற்றொரு புறத்தில் குளிரூட்டிய காப்பிச் சாலைகள் உள. அங்கே ஒரு குவளைக்கு இருநூறும் முந்நூறும் கொடுத்தால் அந்திவரை அமர்ந்திருக்கலாம். எழுவீர் என்று சொல்வாரில்லை. அங்கு விற்கப்படுவது காப்பியன்று, நாற்காலியே என்று கூறலாம். நட்சத்திர விடுதிகளிலோ பிற்பகல் தேநீருக்கு ஒருவர்க்கு ஆயிரம் ரூபாய்க்கு மேலும் வாங்குகின்றனர். பதினைந்து ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் இடையிலுள்ள சிற்றுண்டிச்சாலைகளே நம்மனோர்க்கு உரியவை. அவற்றிலும் தேநீர் மட்டும் வேண்டுவோர் வெளியே நிறுத்தப்படுவாராயின், அவர் போகுமிடம் எது?

சிற்றுண்டிச்சாலை முதலாளிமார் பக்கத்திலும் நியாயம் உண்டு. இடவாடகையும் எரிவாயு விலையும் ஆட்கூலியும் உயர்ந்துவிட்டன. ஒரு தேநீரை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் உரையாடும் மாணவரால் அவர்க்கு இழப்பே மிகும். இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டென ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிற்பகல் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே, சாப்பாட்டுக் கூட்டம் நீங்கி இரவுக் கூட்டம் வருமுன், மேசைகள் வெறுமையாகக் கிடக்கும் சாலைகள் பல. அந்த இரண்டு மணிநேரத்திற்கேனும், ஒரு தேநீரும் ஒரு வடையும் இன்ன விலை, அரைமணி நேரம் அமரலாம் என்று பலகை எழுதி வைத்தால் யாருக்கு நட்டம்? வெற்று நாற்காலி வாடகையைக் குறைப்பதில்லை.

மாநகராட்சியாரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அம்மா உணவகங்களில் ஓர் இட்லி ஒரு ரூபாய்க்கு வழங்கப்பட்டது. ஏழைகளின் பசியைத் தம் பொறுப்பாக ஏற்கவல்ல நகரம், அவர்களுடைய களைப்பையும் ஏற்றல் அரிதன்று. பூங்காக்களிலும், பேருந்து நிலையங்களிலும், அரசு மருத்துவமனைகளின் அருகிலும் கூரையும் பெஞ்சும் அமைந்த சிறு கொட்டகைகளைக் கட்டித் தேநீர் விற்போர்க்குக் குறைந்த வாடகைக்கு விடலாம். வருவோர் எவரையும் அமரவிடுதல் வேண்டும், விலையைப் பலகையில் எழுதுதல் வேண்டும் என்னும் இரண்டே நிபந்தனைகள் போதும்.

பிறர்க்கு அறிவுரை கூறும் யாம் எம் வீட்டையும் நோக்குதல் கடன். வெளியூரிலிருந்து வரும் பெற்றோர் எம் கல்லூரி வாயிலருகே மரத்தடியில் நின்று மக்களோடு பேசிவிட்டுத் திரும்புவதை நாள்தோறும் காண்கிறோம். கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையை மாலை நான்கு முதல் ஐந்து மணி வரை அவர்கட்கும் திறந்துவைத்தால், அவர்கள் மாணவர் கொடுக்கும் அதே விலையைக் கொடுத்து மக்களோடு அமர்ந்து பருகலாமன்றோ? இதனைக் கல்லூரித் தலைவர்க்கு எம் விண்ணப்பமாகவே வைக்கிறோம். மாணவ நண்பர்களே, நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மேசை நிறைந்திருக்கையில் முதியவர் ஒருவர் குவளையோடு நிற்கக் கண்டால், நம் பேச்சு முடியவில்லை என்று இருந்துவிடாது, எழுந்து இடங்கொடுப்போமாக.

அன்று அவ்வன்னையார் கடைவாயிலில், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நின்றபடியே தேநீர் பருகினார். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார். குவளையைக் கீழே வைக்குமுன், கழுவி வைப்பதற்குத் தண்ணீர் எங்கேயென்று சுற்றுமுற்றும் பார்த்தார். அது தூக்கியெறியும் காகிதக் குவளை என்பதை எம் தோழர் எடுத்துச்சொல்லி, அதனைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். வரும் ஆண்டுவிழாவிற்கு அவர் மீண்டும் வருவதாக இருக்கிறார். அவர் வருவதற்குள் இந்நகரத்தில் எங்கேனும் ஒரு மேசையில் அவர்க்கும் அவர் மகனுக்கும் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள் கிடைக்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனைப் பெற்றோமாவோம்.