பாவாடை கட்டிய பையனும் சிரித்த ஊரும்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொள்வான் துரைசாமி. துண்டைத் தலையில் சுற்றிச் சடையாகத் தொங்கவிட்டு, வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தபடி நடப்பான். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நாமக்கல் பக்கத்துக் கிராமம் அது. வாசல் பெருக்கிக் கோலமும் போடுவான். மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டியபோது ஊரே ரசித்தது. வயது கூடியும் நடை மாறவில்லை. சிரித்த வீட்டிலேயே பிறகு அடி விழுந்தது.

அந்தத் துரைசாமிதான் திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி. 2010இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய தன்வரலாறு, பிறகு தமிழில் ‘வெள்ளை மொழி’ ஆனது. அதை அதே பெயரில் அ. மங்கை நாடகமாக இயக்க, ரேவதி தனியொருவராக நடித்தார். 2019இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகம், பெண் எழுத்தாளர்களின் பெயர்ப் பதாகையில் டோனி மாரிசனோடு இவர் பெயரையும் சேர்த்துத் தொங்கவிட்டது.

அந்த நாடகம் நம் மும்பை மேடைக்கு வர வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சென்னைக் குழுக்களின் நகைச்சுவை நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். புடவை கட்டிய ஆண் மேடையில் நுழைந்தாலே அரங்கம் அதிரும், வசனமே தேவையில்லை. அப்பா அம்மா நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு துரைசாமிக்கு அந்தச் சிரிப்பு என்ன சொல்லும்? வீட்டுக்குப் போனதும் பாவாடையை ஒளித்து வைக்கச் சொல்லும்.

ஊரில் இருக்க முடியாமல் ரேவதி டெல்லிக்குப் போனார், மும்பைக்கும் வந்தார். குர்லா லோக்கலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் கைதட்டி வரும் திருநங்கை, நாம் தமிழில் பேசுவதைக் கேட்டதும் “நல்லா இருக்கணும் அக்கா” என்று தலையில் கை வைக்கிறாள். சேலத்துப் பேச்சு அது. பத்து ரூபாய் கொடுக்கிறோம். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநங்கைகள், திருநம்பிகளின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. ஆனால் பிள்ளையை அடிக்க ஓங்கும் கையைத் தீர்ப்பு வந்து பிடிக்காது. கூடத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்கும் நாடகம் ஒருவேளை பிடிக்கலாம்.

சபா செயலாளர்களுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த நாடக விழாவில் ஒரு மாலையை ‘வெள்ளை மொழி’க்குக் கொடுங்கள். தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். பெற்றோர்களே, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.