மாத்தளை மலைகளும் நம் கடப்பாடும்

துன்பம் வந்தபின் இரங்குவது மனித இயல்பு. வருமுன் அதனை அளந்தறிந்து காப்பது அறிவின் பயன். கல்லூரியின் விழாக் காலத்தில் பழைய பெருமைகளை நினைந்து மகிழும் நாம், நம்மைச் சூழ்ந்துள்ள மலைகளையும் சிறிது நோக்குதல் தகும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலினால் இலங்கையில் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவினால் நலிந்த மலைநாட்டு மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. நம் மாவட்டத்தின் வடபால் தம்புள்ளைப் பகுதி வறட்சிக்கு அஞ்சும். நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்த இறத்தோட்டை, கம்மடுவைப் பகுதிகளோ பெருமழைக்கு அஞ்சும். ஆகவே, மாவட்டம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

மலை காரணமின்றிச் சரிவதில்லை. மழைநீர் மண்ணுட் புகுந்து நிறையுந்தோறும் மண்ணின் பிடிப்புத் தளர்கின்றது. சரிவை வெட்டி வீடமைத்தலும், வடிகால்களைத் தூர்ந்துபோக விடுதலும் அத்தளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன. தரையில் வெடிப்பு, மரங்களின் சாய்வு, புதிதாய்த் தோன்றும் ஊற்று, திடீரெனக் கலங்கும் நீர் ஆகியன மலை தரும் முன்னறிவிப்புகளாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை ஆக்கியுள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்யின் விழிப்பு, 100 ஆயின் வெளியேற ஆயத்தம், 150 ஆயின் வெளியேற்றம் என எச்சரிக்கைப் படிகளையும் வகுத்துள்ளது. இவை போற்றற்குரியன. எனினும், வரைபடம் சரிவைக் காட்டுமேயன்றி, அச்சரிவிலுள்ள லயத்தில் நடக்கவியலாத முதியோர் எத்தனை பேர், நள்ளிரவில் எவ்வழியே செல்வர், எங்கே தங்குவர் என்பவற்றைக் காட்டாது. இவற்றையும் கணக்கிட்டாலன்றி இடர் மதிப்பீடு முழுமை பெறாது.

அறிந்திருத்தல் மட்டும் காவாது என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தையே சான்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், 2014 அக்டோபர் 29இல் தோட்ட லயங்கள் மண்ணுள் புதையுண்டன. தமக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாதாரை நோக்கி 'எழுந்து செல்க' என்றால் அவர் எங்கே செல்வர்? பாதுகாப்பான இடத்தில் உரிமையுள்ள காணியும் வீடும் வழங்கப்படும் வரை, எச்சரிக்கை பாதி உதவியே ஆகும். இதனை அரசினரும் தோட்ட நிருவாகத்தினரும் தம் முதற் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கதும் உண்டு. ஒரு பள்ளத்தாக்கிற் பெய்யும் மழை அடுத்ததிற் பெய்வதில்லை. ஆதலின் தோட்டந்தோறும் எளிய மழைமானி ஒன்று வேண்டும். பழைய மாணவர் அதனை வாங்கி அளிக்கலாம். மாணவர் நாள்தோறும் மழையை அளந்து பதியலாம். தம் லயத்திலும் ஊரிலும் உதவி வேண்டுவோரின் பட்டியலைத் தொகுக்கலாம். ஆசிரியர் அவற்றைச் சீர்செய்து கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திடமும் சேர்ப்பிக்கலாம். எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழிலும் வந்தடைகின்றனவா என்று கவனித்து, வாராவிடின் வற்புறுத்துவதும் கற்றோர் கடனே.

விழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்புதல் நன்றே. அதனினும் நன்று, அடுத்த பெருமழை இரவில் ஒரு குடும்பமேனும் உரிய வேளையில் எழுந்து உயிர் பிழைக்க வழி செய்தல். அப்பணிக்கு இவ்வாண்டே கால்கொள்வோமாக.