இராயபுரம் தந்த பாடம்

வடசென்னையின் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது புலரும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். கூடையோடு காத்திருக்கும் முதிய மீன்காரப் பெண்ணின் முந்தானை முடிச்சில், மீன் எடுக்க வைத்திருக்கும் பணத்தோடு நீரிழிவு மாத்திரை அட்டையும் இருக்கும். ‘காலை உணவுக்கு முன்’ என்பது மருத்துவர் சொன்ன முறை. அவர் விழித்தெழுந்ததோ நள்ளிரவு கடந்த வேளையில். உண்பதோ மீன் விற்றுத் தீர்ந்த பின், முற்பகலில். இவற்றுள் எது அவருக்குக் காலை?

நாட்பட்ட நோயைத் தாமே பேணிக்கொள்ளும் அறிவு முதியோருக்கு வாய்க்க வேண்டும் என்று இன்று உலகம் பேசுகிறது. வடசென்னைக்கு இது புதிய பேச்சன்று. இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் எம். விசுவநாதன், 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு கண்டார். 1954-இல் இராயபுரத்திலேயே அதற்கொரு மருத்துவமனையை நிறுவினார். அங்கிருந்து அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை அவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களிடம் குறைந்தது 26.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பயன் விளையவில்லை. பழக்கத்தின் வலிமை மருந்தின் வலிமைக்குக் குறைந்ததன்று என்பதே இராயபுரம் தந்த பாடம்.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. இத்தனை பேரையும் மருத்துவரே நாள்தோறும் கண்காணித்தல் இயலாது. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் விருது பெற்ற அந்நற்பணியை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், மாத்திரை வந்து சேர்ந்த வாசலுக்குள் அறிவும் வந்து சேர வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக் வகுத்த ஆறு வாரப் பயிற்சியை, நாட்பட்ட நோயோடு வாழ்பவர்களும் நடத்துகின்றனர். இம்முறை மீனவர் குப்பங்களுக்கு மிகப் பொருந்தும். ‘கருவாட்டைத் தொடாதே’ என்னும் அறிவுரை அங்கே ஒருநாளும் நிலைக்காது. அதைப் பலமுறை நீரில் ஊறவைத்து உப்பைக் குறைத்து, வாரத்துக்கு ஒருநாள் அளவாய்ச் சமைக்கும் பக்குவத்தை, இரத்தக் கொதிப்புள்ள ஒரு பெண் தன் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னால் நிலைக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, மரத்துப்போன பாதத்தில் செதில் கீறியதும் தெரியாமல் புண்ணானவர், ‘இரவில் பாதத்தைத் தடவிப் பார்’ என்றால் பிறர் கேட்பர்.

எனினும், முழுப் பொறுப்பையும் நோயாளியின் தலையில் ஏற்றுவது அறமாகாது. நாளும் அரைமணி நேரம் நடக்கச் சொல்கிறோம். எங்கே நடப்பது? எண்ணூர் செல்லும் சாலைகளைக் கொள்கலன் லாரிகள் அடைத்து நிற்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது, எண்ணூர்க் குப்பங்களின் முதியோர் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினர். காற்றும் நடைபாதையும் தனிமனிதர் முயற்சியால் கிட்டுவன அல்ல. அவற்றைத் தருவது அரசின் கடன், ஆலைகளின் கடன்.

ஆகவே, திருவொற்றியூர் முதல் இராயபுரம் வரை தெருதோறும் நோயாளர் குழுக்கள் அமையட்டும். அங்குள்ள முதியோரின் வேலை நேரம், உணவு, காற்று ஆகியவற்றை ஆராய்ந்து, அவர்களுக்கேற்ற முறைகளை மருத்துவக் கல்லூரிகள் வகுக்கட்டும். மருந்துப் பையோடு படியேறும் தன்னார்வலர், இரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஒன்றைக் கேட்கட்டும்: ‘அம்மா, நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? எப்போது சாப்பிடுகிறீர்கள்?’ அதற்கு வரும் விடையைக் கொண்டு மருத்துவர் மாத்திரைக்கு வேளை குறிக்கட்டும்.