அட்டைப்பெட்டி வாட்டை நம்பலாமா?

காரில் உள்ள ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டால் பாட்டு கரகரக்கும். புதியது வாங்கக் கடைக்குச் சென்றால், “300 வாட்”, “400 வாட்” என்று பெட்டிகள் கண்ணைப் பறிக்கும். எண் பெரிதானால் ஓசையும் பெரிதாகும் என்று நம்பிப் பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதே என் கருத்து. அதை மெய்ப்பிக்க உங்கள் இயற்பியல் பாடநூலே போதும்.

ஸ்பீக்கர் தானாகத் திறனை உண்டாக்குவதில்லை. அதன் கம்பிச்சுருள் கருகாமல் எவ்வளவு திறனைத் தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. குடம் பெரிது என்பதற்காகக் குழாயில் தண்ணீர் கூடுதலாக வருமா?

இங்கே குழாய், கார் ஸ்டீரியோ. எஞ்சின் ஓடும்போது அதற்குக் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 52 வாட். பல ஸ்டீரியோக்களில் “50 வாட்” என்று எழுதியிருப்பதன் இரகசியம் இதுதான்! ஆனால் இது, மின்னழுத்தம் எந்நேரமும் உச்சத்திலேயே நின்றால் வரும் கணக்கு. ஒலி அலையோ ஏறி இறங்குவது. சீரான சைன் அலைக்கு இதில் பாதி, அதாவது 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்புகளும் போக, சுமார் 20 வாட்தான் மிஞ்சும். தனி ஆம்ப்ளிபயர் இல்லாத காரில் 400 வாட் ஸ்பீக்கருக்கு என்ன வேலை?

பின் எதைப் பார்த்து வாங்குவது? முதலாவது, உணர்திறன். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கேட்கிறது என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் தேவைப்படும் இடத்தில், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதும். இரண்டாவது, மின்தடை. 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் பொருத்தினால் மின்னோட்டம் இரு மடங்காகும். ஸ்டீரியோ சூடேறிப் பழுதாகலாம். மூன்றாவது, அளவு. கதவுக்குள் இறங்கும் கண்ணாடியில் ஸ்பீக்கரின் காந்தம் இடிக்கக் கூடாது.

இந்த விவரங்களும் பெட்டியில் இருக்கும், சிறிய எழுத்தில்! வீட்டில் பெரியவர்கள் வாங்கப் போகும்போது நீங்களும் உடன் சென்று அவற்றைப் படித்துச் சொல்லுங்கள். பரீட்சைக்காகப் படித்த ஒரு சூத்திரம் வீட்டுப் பணத்தைக் காப்பாற்றுமானால், அதைவிடச் சிறந்த மதிப்பெண் வேறென்ன?