இசைக்கு மதம் இருக்குது சாமி

"இசைக்கு மதம் கிடையாது" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவி வருகிறது. கொட்டாவி முடிந்ததும் கோபம் வருகிறது. நம்மாட்களில் இதை ஒரு தடவையாவது எழுதாதவர் யார், சொல்லுங்க? நாகூர் ஹனிஃபா பாட்டை எல்லா வீட்டிலும் கேட்டார்கள், யேசுதாஸ் ஐயப்பனுக்குப் பாடினார், பிஸ்மில்லா கான் காசியில் வாசித்தார். மூன்று உதாரணம், ஒரு முற்றுப்புள்ளி, கீழே நாற்பது பேர் "அருமை நண்பரே".

அந்த மூன்று பேரையே கொஞ்சம் நிதானமா பாருங்க. ஹனிஃபா அல்லாவின் பெயரை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லித்தான் பாடினார். யேசுதாஸ் ஐயப்பன் பெயரை முழுங்கிவிட்டு வெறும் மெட்டை முனகவில்லை. பிஸ்மில்லா கான் கோயிலில் வாசித்த அதே ஷெனாயை முஹர்ரம் ஊர்வலத்திலும் அழுதுகொண்டே வாசித்த ஷியா முஸ்லிம். மூணு பேருமே மதத்தோடு வந்தவர்கள். அதனால்தான் அது நமக்கு ஒரு விஷயமாகவே பட்டது. பெயர் எதுவும் இல்லாமல் வந்திருந்தால் உதாரணம் காட்ட என்ன இருந்திருக்கும்?

இதை இப்போது எழுதக் காரணம், ஒரு "சர்வமத அறையிசை மாலை". (சேம்பர் மியூசிக் என்றால் சின்ன அறையில் நாலைந்து பேர், கண்டக்டர் இல்லாமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வாசிப்பது. ஆர்கெஸ்ட்ராவை நினைச்சுக்காதீங்க.) நடந்தது அமெரிக்காவில், ஊர் பேர் வேண்டாம். வெள்ளைச் சுவர், மர பெஞ்சு, சுவரில் ஒன்றிரண்டு பெரிய அரூப ஓவியங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக உட்கார ஒரு கலைக்கூடம். அங்கே ஒரு வயலின்-செல்லோ கோஷ்டியோடு சேர்ந்து மூன்று மதத்துக்காரர்கள் பாடுவதாக ஏற்பாடு. அதில் ஒருவர் எனக்குத் தெரிந்த அம்மா, சின்ன வயசிலிருந்து ஓதுவாரிடம் தேவாரம் படித்தவர். நிகழ்ச்சிக்கு ரெண்டு வாரம் முன்னால் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ரொம்ப மரியாதையான மின்னஞ்சல். குறிப்பிட்ட தெய்வத்தின் பெயர் வந்தால் சிலர் அந்நியமாக உணரலாம், ஆகவே சொற்கள் இல்லாமல் ராகத்தை மட்டும் பாட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். யூத ஜெபக்கூடத்தில் பாடுகிறவருக்கும் இதே வேண்டுகோள். ஊத் வாசிக்க வந்தவருக்குப் பிரச்சினையே இல்லை, அவர் வாசிப்பதில் ஏற்கனவே சொல் கிடையாது.

தேவாரத்திலிருந்து சிவனை எடுத்துவிட்டால் என்னங்க மிச்சம்? பண் மிச்சம். அந்த அம்மா காந்தாரபஞ்சமத்தை (நம்ம கேதாரகௌளைதான்) ஆ... ஆ... என்று பத்து நிமிஷம் பாடினார். அழகாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த நிரலில் "ஓசை 1", "ஓசை 2", "ஓசை 3" என்று அச்சடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. முடிந்தபிறகு டீ குடிக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பாடியது எதைப் பற்றி என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சொல்லத்தான் ஆரம்பித்தார் அம்மா, அதற்குள் விளக்கை அணைக்க ஆள் வந்துவிட்டார்.

இதற்குத்தான் சர்வமதம் என்று பேர். மூன்று மதத்துக்காரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள், ஒருத்தர் நம்புவது என்ன என்று இன்னொருத்தருக்குத் தெரியாமலே எழுந்து போனார்கள்.

இந்த மாதிரி ஏற்பாடு செய்கிறவர்கள் எல்லோரும் கைகாட்டுகிற முன்மாதிரி ஒன்று உண்டு: ஹூஸ்டனில் இருக்கும் ராத்கோ சாப்பல். நம்மூர்க்காரர்கள் பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வாராவாரம் வண்டியை விரட்டுவார்கள், இதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அனுமதி இலவசம் ஐயா, ஒரு தடவை போங்க. எட்டுப்பட்டைக் கட்டிடம், ஜன்னல் கிடையாது, கூரை வழியாக மட்டும் வெளிச்சம். சுவரில் மார்க் ராத்கோ வரைந்த 14 ஓவியங்கள். அவற்றில் ஏழு கிட்டத்தட்டக் கறுப்பு, மற்ற ஏழு கருஊதா. வெளியே மேகம் நகர்ந்தால் உள்ளே நிறம் மாறும். வாசலில் பல மதத்துப் புனித நூல்களை வைத்திருக்கிறார்கள். (எட்டுப்பட்டை என்றதும் வடலூர் சத்திய ஞான சபை ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ரெண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. யாரும் "அன்றே சொன்னார் வள்ளலார்" என்று கிளம்பிடாதீங்க, கோடி புண்ணியம்.)

பார்த்தீங்களா, சிலுவை இல்லை, சிலை இல்லை, வெறும் இருட்டு, அதனால் எல்லோருக்கும் பொது என்பார்கள். இதுதான் நான் ஒத்துக்கொள்ளாத இடம்.

ஜான் டி மெனில், டொமினிக் டி மெனில் என்ற கத்தோலிக்கத் தம்பதி 1964ல் ராத்கோவிடம் கேட்டது ஒரு கத்தோலிக்கச் சாப்பலுக்கான ஓவியங்கள். அது எல்லா மதத்துக்குமான இடமாக ஆனது பிற்பாடுதான். வரைந்தவர் இன்று லாட்வியாவில் இருக்கும் த்வின்ஸ்க் ஊரில் 1903ல் பிறந்த யூதர். அந்த ஓவியங்களில் மூன்று இடங்களில் மும்மூன்று பலகைகளைச் சேர்த்து மாட்டியிருக்கிறார். அது தேவாலயப் பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் மும்மடிப் படத்தின் வடிவம். பதினாலு என்றால் சிலுவைப் பாதையின் பதினாலு நிலைகள் ஞாபகம் வராத கிறிஸ்தவர் உண்டா? கத்தோலிக்க அச்சு, யூதக் கை, மேலே கறுப்பு. இதைப் போய் "மதம் இல்லாத வெளி" என்றால் எப்படி? உருவமே வேண்டாம் என்பதும் ஒரு சமய நிலைப்பாடுதான். அபிஷேகமும் அலங்காரமும் பார்த்து வளர்ந்தவருக்குக் கறுப்புப் பலகை பொதுவான இடம் கிடையாது, அடுத்த வீட்டுக்காரரின் பூஜையறை. போகலாம், உட்காரலாம், நெகிழலாம். ஆனால் அது அடுத்த வீடு என்று தெரிந்து போகணும்.

கட்டிடத்துக்கு வெளியே குளத்தின் நடுவே பார்னெட் நியூமன் செய்த 'ப்ரோக்கன் ஒபெலிஸ்க்' நிற்கிறது. மார்ட்டின் லூதர் கிங் நினைவுக்கென்று அர்ப்பணிக்க வேண்டும் என்று டி மெனில் தம்பதி நிபந்தனை போட்டதும், 1969ல் ஹூஸ்டன் நகர நிர்வாகம் சிற்பமே வேண்டாம் என்றது. அவர்களே காசு கொடுத்து வாங்கி இங்கே நிறுத்தினார்கள். 2018 மே மாதம் யாரோ இங்கே வந்து வெள்ளைப் பெயிண்டை ஊற்றி, வெள்ளையராய் இருப்பதில் தப்பில்லை என்ற துண்டுப் பிரசுரங்களைக் குளத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெயிண்ட் ஆசாமிக்குத் தெரிந்திருக்கிறது, இந்த இடம் யார் பக்கமும் சாயாத இடம் இல்லை என்று.

இப்போ இசைக்கு வருவோம். சாப்பல் 1971 பிப்ரவரியில் திறந்தது. ராத்கோ அதைப் பார்க்கவில்லை, ஒரு வருஷம் முன்னாடியே தற்கொலை செய்துகொண்டார். அவருடைய நண்பர், நியூயார்க் யூதர், மார்ட்டன் ஃபெல்ட்மன் அவர் நினைவாக ஓர் இசை எழுதினார். பெயரும் 'ராத்கோ சாப்பல்'தான். 1972 ஏப்ரலில் அந்தக் கட்டிடத்திலேயே அரங்கேறியது. கோரஸ், தனிக்குரல், வயோலா, செலெஸ்டா, தாளவாத்தியங்கள். ஏறக்குறைய 25 நிமிஷம், பெரும்பாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற சத்தத்தில். பாடகர்கள் பாடுவார்கள், சொல் ஒன்றுகூடக் கிடையாது.

"ஆகா, மாட்டினீரா! சொல்லே இல்லாமல்தானே பாடுறாங்க, அந்த மின்னஞ்சலும் அதைத்தானே கேட்டது?" என்கிறீர்களா? முழுசாக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வி வராது. இருபது நிமிஷத்துக்கு மேல் மெட்டு என்று கையில் பிடிக்க ஏதும் இல்லாமல் மிதந்துவிட்டு, கடைசியில் வைப்ரஃபோன் நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்ட, வயோலா ஒரு மெட்டை எடுக்கும். சாதாரண மெட்டு, நாமே முணுமுணுக்கலாம். ஃபெல்ட்மன் 15 வயதுவாக்கில் எழுதி வைத்திருந்தது. அதில் ஹீப்ரு சாயல் இருப்பதை அவரே சொல்லியிருக்கிறார். எல்லா மதத்துக்குமான கூடத்தில், செத்துப்போன யூத நண்பனுக்கு, ஒரு யூதர் தன் வீட்டு மெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சொல்லைத் தவிர்த்தது அவருடைய முடிவு, நிர்வாகியின் மின்னஞ்சல் அல்ல. இது சின்ன வித்தியாசமா?

2022ல் சாப்பலின் ஐம்பதாம் ஆண்டுக்காக டைஷான் சோரி என்ற கறுப்பின இசையமைப்பாளர் ஃபெல்ட்மனுக்குப் பதில் மாதிரி ஒன்று எழுதி அங்கேயே அரங்கேற்றினார். ஏறக்குறைய அதே வாத்தியங்கள், கூடவே பியானோ, தனிக்குரலாக ஒரு கனத்த ஆண்குரல். அந்தக் குரல் எடுப்பது அடிமைக் காலத்துக் கறுப்பின ஆன்மிகப் பாடல் ஒன்றின் சொற்களை, துண்டு துண்டாக. அவரும் தன் வீட்டுச் சரக்கைத்தான் கொண்டுவந்தார்.

இன்னொன்று. 1941 ஜனவரி 15, ஜெர்மன் போர்க்கைதிகள் முகாம், ஸ்டாலாக் 8-ஏ. கடுங்குளிர். ஒலிவியே மெஸ்ஸியான் என்ற பிரெஞ்சுக் கைதி எழுதிய 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' அரங்கேறியது. மெஸ்ஸியான் பழுத்த கத்தோலிக்கர். வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுத்த கரு, ரெண்டு பகுதிகளின் தலைப்பிலேயே இயேசு. கிளாரினெட் வாசித்த ஆன்ரி அகோகா அல்ஜீரியாவில் பிறந்த யூதர், அதுவும் நாஜி முகாமில். மூன்றாம் பகுதி முழுக்க அவர் ஒருவரே வாசிக்க வேண்டியது. தலைப்பை மாற்றினால்தான் வாசிப்பேன் என்று அகோகா சொல்லவில்லை, உனக்காக இயேசுவை எடுத்துவிடுகிறேன் என்று மெஸ்ஸியானும் சொல்லவில்லை. (அன்றைக்கு 5000 பேர் கேட்டார்கள், செல்லோவில் மூன்று தந்திதான் இருந்தது என்று மெஸ்ஸியான் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். செல்லோக்காரர் பாஸ்கியே, நாலு தந்தியும் இருந்ததப்பா என்று மறுத்தார். கலைஞர்கள்!) அகோகா அதே வருஷம் ஓடும் ரயிலிலிருந்து கிளாரினெட்டோடு குதித்துத் தப்பினார்.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு வாதம் உண்டு, அதைத் தாண்டிப் போகக்கூடாது. சொல் காயப்படுத்தும். பாக்கின் யோவான் பாஷனில் கூட்டம் "யூதர்கள்" என்ற பெயரில் ஏசுவைக் கொல்லச் சொல்லிக் கத்தும்போது கேட்டுக்கொண்டிருக்கிற யூதருக்கு எப்படி இருக்கும்? கோயிலுக்குள் விடாமல் நிறுத்தப்பட்டவரின் பேரனுக்கு, கருவறையின் மொழி இனிமையாகவா இருக்கும்? இருக்காதுதான். அதுக்கு மருந்து வாயை மூடுவதா? வரிகளையும் மொழிபெயர்ப்பையும் அச்சடித்துக் கையில் கொடுங்க. கச்சேரி முடிந்து அரை மணி நேரம் விளக்கை அணைக்காமல் இருங்க. "இந்த வரி எனக்குக் கசக்குது" என்று ஒருத்தர் சொல்லட்டும், பாடினவர் பதில் சொல்லட்டும், இல்லை பதிலில்லாமல் நிற்கட்டும். வெறும் முனகலை வைத்துக்கொண்டு யாரும் யாரிடமும் எதையும் கேட்க முடியாது, அந்த மூதாட்டிக்கு நடந்த மாதிரி.

ஒரு சந்தேகமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல்நீக்க வைத்தியம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. அன்று அதே மேடையில் வயலின் கோஷ்டி பாக்கின் சர்ச் இசை ஒன்றை வாசித்தது. அதன் பெயர் மட்டும் நிரலில் முழுசாக, ஜெர்மனில், பட்டியல் எண்ணோடு அச்சாகியிருந்தது. நமக்குத்தான் ஓசை 1, ஓசை 2.

டிஸ்கி: ஃபெல்ட்மனின் 'ராத்கோ சாப்பல்' கேட்கிறவர்கள் ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேளுங்க. பத்தாவது நிமிஷத்தில் "என்னய்யா இது, ஒண்ணுமே நடக்கல" என்று தோணும். அணைச்சிடாதீங்க. வயோலாவின் அந்த மெட்டு கடைசியில்தான் வரும் :-)