கல்வெட்டில் நம் பெயர் எங்கே?

2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் டில்லியிலிருந்து ஓர் ஓலை புறப்பட்டது. பல்கலைக் கழக மானியக் குழுவின் தலைவர் மாநில கவர்னர்களுக்கு எழுதிய ஓலை அது. நவம்பர் 26, அரசியல் சட்ட தினம்; அன்று பல்கலைக் கழகங்களில் சொற்பொழிவுகள் நடக்க ஊக்கம் தாருங்கள்; பொருள் 'இந்தியா - ஜனநாயகத்தின் தாய்' என்றது அந்த ஓலை. 90 பல்கலைக் கழகங்களில் 90 சொற்பொழிவுகள் என்றும் அறிவித்தார்கள். சொல்லப்பட்ட தலைப்புகளில் இரண்டை மட்டும் கேளுங்கள், தோழர்களே! ஒன்று, 'லட்சிய அரசன்'. மற்றொன்று, 'காப் பஞ்சாயத்துகளின் ஜனநாயக மரபு'.

என்னே வேடிக்கை! முடிமன்னர் ஆட்சி போன பிறகு வந்தது ஜனநாயகம் என்றிருந்தோம். இப்போது அரசனையே அதற்குத் தகப்பனாக்குகிறார்கள். காப் பஞ்சாயத்து என்றால் என்ன? வடநாட்டில் சாதி மாறி மணந்த பிள்ளைகளை ஊரைவிட்டுத் துரத்தும் சாதிக் கூட்டம். அது திருமணங்களில் தலையிடுவது சட்ட விரோதம் என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. கோர்ட் தடுத்ததைப் பல்கலைக் கழக மேடையில் ஏற்றி மாலை போடச் சொல்கிறார்கள்!

இந்த விவகாரத்தில் உத்திரமேரூர் உழைப்பாளிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. ஜனநாயகத்தின் தாய் என்று பேசுகிறவர்கள் சாட்சிக்கு அழைப்பது நம் ஊர்க் கல்லைத்தான். 2020 டிசம்பர் 10 அன்று புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடியும் உத்திரமேரூரைத்தான் எடுத்துக் காட்டினார்.

கல் சொல்வது என்ன?

வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள அந்தக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை; 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதும் அறியாத ஒரு பாலகனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அப்படி வந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய உறவினரும் வர முடியாது.

இதை நாம் இகழவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்ட ஊர் இது என்பதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறோம். இந்த விதியைப் புகழ்கிறவர்கள் 2018-ல் என்ன செய்தார்கள்? தேர்தல் பத்திரம் கொண்டு வந்தார்கள். கட்சிக்குக் கோடி கோடியாகக் கொடுத்த முதலாளி யார் என்பதை ஜனங்களிடமிருந்து மறைத்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்று தள்ளிய பிறகே பெயர்கள் வெளிவந்தன. உத்திரமேரூர் விதிப்படி பார்த்தால் இவர்கள் ஓலை குடத்துக்குள்ளேயே போயிராது!

சொல்லாமல் விடுவது என்ன?

குடத்தில் யார் பெயர் விழுந்தது? அதையும் அதே கல்தான் சொல்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் சொல்ல வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும். அந்நாளில் இவ்வூரின் பெயரே உத்தரமேருச் சதுர்வேதி மங்கலம். பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேயம்.

அப்படியானால் ஏரி வாரியத்தில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள் சரி; ஏரிக்கரையில் மண் சுமந்தவன் எந்த வாரியத்தில் இருந்தான்? வயலில் உழுதவன், நாற்று நட்டவள், நெல் குற்றியவள் பெயரை எழுத ஓர் ஓலை நறுக்காவது இருந்ததா? இல்லை. நிலமற்றவனையும், வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்டவனையும், பெண்ணையும் வாசலுக்கு வெளியே நிறுத்திய சபை அது. அது நிலம் உடையோர் தங்களுக்குள் செய்துகொண்ட ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான், ஆனால் ஜனங்களின் ஆட்சி அல்ல.

நமக்கு ஓட்டு எப்போது வந்தது? கல்வெட்டால் வந்ததல்ல. 1951-52 முதல் பொதுத் தேர்தலில்தான், படிப்பும் சொத்தும் கேளாமல் வயது வந்தோர் எல்லோருக்கும் வந்தது. பழைய கிராம சபைகளை ஆதாரமாக்கி அரசியல் சட்டம் எழுத வேண்டும் என்றவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையிலேயே கடுமையாகப் பதில் சொன்னார். அந்தச் சட்டத்தின் பெயரால் கொண்டாடும் நாளில், அவர் மறுத்ததையே மேடையேற்றுவது நாணயமா?

ஓட்டு வந்த பிறகும் என்ன நடந்தது? மதுரை மாவட்டம் மேலவளவில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துக்குத் தலைவராக ஜெயித்த முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. தமிழ்நாட்டுக் கிராம ஜனநாயகத்தைப் பற்றி 90 அல்ல, 900 சொற்பொழிவு நடத்துங்கள். மேலவளவைச் சொல்லாத சொற்பொழிவு முழுப் பொய்யின் முன்பாதி!

கவியரங்கமும் அப்படியே

சொற்பொழிவு போகட்டும், கவியரங்கமாவது நமக்கு உண்டா? மண்டபம் பட்டணத்தில். நேரம், நாம் வயலிலோ ஒரகடத்து ஷிப்டிலோ நிற்கும் நேரம். கவிஞர் உழவனைப் பாடுவார். உழவன் அங்கே இருக்க மாட்டான். ஆராய்ச்சியோ ஆங்கிலத்தில். உத்திரமேரூர்க் கல்வெட்டை விரிவாக ஆராய்ந்த நீலகண்ட சாஸ்திரியின் நூலைச் சென்னைப் பல்கலைக் கழகம் 1932-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. கல் நம் ஊரில். விளக்கம் நமக்கு எட்டாத மொழியில்!

வேறு வழி இல்லையா? உண்டு என்று காட்டியவர் நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். ஏற்றம் இறைப்பவனும் நாற்று நடுபவளும் பாடியதைத் திரட்டி, 1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று வெளியிட்டார். கவிதை எங்கே பிறக்கிறது என்று தெரிந்தவர் அவர்.

நாம் கோருவது

பேராசிரியர்களும் கவிஞர்களும் நம் பகைவர்கள் அல்லர். மேலிடத்து ஓலைக்குத் தலையாட்டாமல் உண்மை பேசும் ஆசிரியருக்கு நாம் துணை நிற்போம். படிப்பு வேண்டாம் என்பது உழைப்பாளியின் பேச்சல்ல. படிப்பு நமக்கும் வேண்டும் என்பதே நம் பேச்சு. பல்கலைக் கழகம் நடப்பது வரிப்பணத்தில். தீப்பெட்டி வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம். ஆகவே உரிமையோடு கோருகிறோம்:

உத்திரமேரூர் பற்றிய சொற்பொழிவை உத்திரமேரூரில் நடத்துங்கள். தமிழில் நடத்துங்கள். வேலை முடிந்த மாலையில் நடத்துங்கள். கல்வெட்டை முழுதும் படியுங்கள். நிலமும் வேதமும் கேட்ட வரிகளை விழுங்காதீர்கள். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்க ஜனங்களுக்கு நேரம் கொடுங்கள். கவியரங்கத்தில் நடவுப் பாட்டுக்காரிக்கும் நாற்காலி போடுங்கள். கவிஞருக்குத் தரும் அதே சன்மானத்தை அவளுக்கும் தாருங்கள்.

அப்படி ஒரு கூட்டம் நடக்கட்டும். முதல் வரிசையில் வந்து உட்காருகிறோம். கேட்கிறோம், பிறகு கேள்வியும் கேட்கிறோம்.