உரத்த ஒலியும் உணர்த்தும் ஒலியும்

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மூடி இல்லை. உறங்கும் மனிதனும் தன் செவியை மூடிவிட்டு உறங்குவதில்லை. காட்டில் வாழ்ந்த காலத்தில் அவனைக் காத்த இரவுக் காவலாளி செவியே ஆகும். இருளில் வரும் விலங்கைக் கண் காணாது. சருகின் சலசலப்பைச் செவி கேட்கும். ஆகவேதான், எதிர்பாராத பேரொலி எழுந்தவுடன், அஃது என்னவென்று அறிவு ஆராயுமுன்பே உடல் திடுக்கிடுகிறது. நெஞ்சம் விரைந்து துடிக்கிறது. இத்துணை விழிப்புடைய புலனைத் தமிழ்ச் சமுதாயமும் தமிழ்ப்பள்ளிகளும் எவ்வாறு நடத்துகின்றன?

பேரொலியே பெருமை என்னும் எண்ணம் மலேசியத் தமிழரிடையே ஆழ வேரூன்றிவிட்டது. திருமணமாயினும் திருவிழாவாயினும் பரிசளிப்பு விழாவாயினும் ஒலிபெருக்கி உச்சத்தில் முழங்கினால்தான் சிறப்பு எனக் கருதுகின்றனர். ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு வேண்டிய ஒலி எழுகிறது. வகுப்பறையிலும் இதே நிலைதான். பிரம்பு மேசையில் படீரென விழுகிறது. “சத்தம் போடாதே” என்பதையே சத்தம் போட்டுச் சொல்கின்றனர். உரக்கச் சொன்னால் உள்ளத்தில் பதியும் என்பது இதற்கெல்லாம் அடிப்படையான நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையானது, பிள்ளைகளின் கல்விக்குக் கேடு சூழ்வது.

எச்சரிக்கை ஒலியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அமைக்கப்பட்டுள்ள அபாயச் சங்குகள் ஆபத்துக்கு ஒரு வகையாகவும், ஆபத்து நீங்கியமைக்கு வேறொரு வகையாகவும், முக்கிய அறிவிப்புக்கு மற்றொரு வகையாகவும் ஒலிக்கும். அவை அரிதாகவே ஒலிக்கும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரே பொருள்தான். அவற்றின் ஆற்றல் இவ்விரண்டிலும் அடங்கியுள்ளது. நாள்தோறும் பத்து முறை ஒலிக்கும் சங்கைக் கேட்டு எவர் எழுந்து ஓடுவர்?

ஒரே ஒலி பொருளின்றித் திரும்பத் திரும்ப எழுமாயின், மூளை அதற்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடும். இரஷ்ய அறிஞர் சொக்கலோவ் முதலானோர் இதனை ஆய்ந்து விளக்கியுள்ளனர். உளவியலார் இதனைப் பழகிப்போதல் என்பர். இதன் கொடுமையை மருத்துவமனைகள் அறியும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 சனவரி முதல் 2012 சூன் வரை, எச்சரிக்கைக் கருவிகள் தொடர்பாகத் தன் கவனத்திற்கு வந்த 98 நிகழ்வுகளுள் 80, நோயாளியின் உயிரிழப்பில் முடிந்தன என்று அது தெரிவித்தது. இடைவிடாது ஒலிக்கும் கருவிகளின் நடுவே செவிலியரின் செவி மரத்துப் போவதை அது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டிற்று. வானூர்திகளின் எச்சரிக்கை ஒலிகளை ஆராய்ந்த அறிஞர் பாட்டர்சனும் 1982இல் இதற்கு நெருங்கிய உண்மையையே கண்டார். மிகையான ஒலி எழுந்தால், விமானி ஆபத்தைக் கவனிக்குமுன் ஒலியை நிறுத்தவே கை நீட்டுவார்.

நாள் முழுதும் கத்தும் ஆசிரியரின் குரலும் இத்தகையதே. முதல் வாரத்தில் மாணவர் நடுங்குவர். இரண்டாம் வாரத்தில் பழகுவர். மூன்றாம் வாரத்தில் அக்குரல் மின்விசிறியின் இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்துவிடும். உண்மையாகவே தீப்பற்றிய நாளில் எச்சரிப்பதற்கு அவ்வாசிரியரிடம் குரல் ஏது?

“இரைச்சலுக்குப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள், அதனால் என்ன தீங்கு?” என்று வினவுவோர் உளர். பழகுவதில்தான் தீங்கே உள்ளது. நியூயார்க் நகரில் ஒரு தொடக்கப்பள்ளியை ஒட்டி உயர்மட்ட இரயில்பாதை ஒன்று சென்றது. பாதையை நோக்கிய வகுப்புகளில் இரயில் கடக்கும்போதெல்லாம் பாடம் தடைப்பட்டது. பிரான்சாஃப்ட், மெக்கார்த்தி என்னும் ஆய்வாளர் இருவர் இரு பக்கத்து மாணவரின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டு 1975இல் முடிவை வெளியிட்டனர். இரைச்சல் மிகுந்த பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தனர்; ஆறாம் வகுப்பில் அவ்விடைவெளி ஏறத்தாழ ஓராண்டுக் கல்வியளவு ஆயிற்று. பின்னர்த் தண்டவாளத்தின் அடியில் இரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைக் கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகள் அமைக்கப்பட்டன. அதன்பின் நிகழ்ந்த ஆய்வில், 1981இல், அவ்வேறுபாடு மறைந்திருந்தது. பிள்ளைகளின் அறிவில் குறையில்லை. குறை இரைச்சலில் இருந்தது. இரைச்சலைப் புறக்கணிக்கப் பழகும் குழந்தை, அதனோடு சேர்த்து ஆசிரியரின் பேச்சையும் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கங்களுள் ஒன்று. இரப்பர்த் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த தமிழ்ப்பள்ளிகள் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

தமிழாசிரியர் இதனைத் தனித்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களுக்கும் இடையே நிற்பது நாவின் சிறு அசைவே. மனமும் மணமும், அரமும் அறமும் அத்தகையனவே. பேச்சில் உயிரொலிகள் வலுவுடையன, மெய்யொலிகள் மெலிந்தன. இரைச்சல் எழும்போது முதலில் மூழ்குவன மெய்யொலிகளே. கத்தும்போது உயிரொலிகளே பெருகுகின்றன. மெய்யொலிகள் அதே அளவிற்குப் பெருகுவதில்லை. ஆகவே, ஒரு வரம்புக்கு மேல் உரத்துச் சொல்லும் சொல் தெளிவிழந்த சொல்லாகிறது. இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியும் திறன் வளர்ந்தோரைவிடச் சிறுவர்க்குக் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம், பாடவேளையில் வகுப்பறையின் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டலாகாது என 1999இல் நெறி வகுத்தது இதனாலேயே. துத்தநாகக் கூரையில் மழை கொட்டும் வகுப்பிலும், இடைச்சுவர் பாதியில் நிற்கும் கூடத்திலும் அமர்ந்து லகர ளகர ழகர வேறுபாட்டைக் கேளாத பிள்ளை, சொல்வதெழுதுதலில் பிழை செய்தால் தண்டனைக்குரியவர் யார்?

மேலும் ஒன்று. சுற்றிலும் இரைச்சல் பெருகினால் பேசுவோர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டு கண்டறிந்து 1911இல் வெளியிட்டார். ஆசிரியர் உயர்த்துவார், அடுத்த வகுப்பு ஆசிரியர் அதனினும் உயர்த்துவார், மாணவர் இருவரையும் விஞ்சுவர். இப்போட்டியில் தோற்பது பாடமே.

“பறையும் உறுமியும் தமிழரின் மரபு; ஒலியைக் குறைக்கச் சொல்வது பண்பாட்டைக் குறைக்கச் சொல்வதாகும்” என்பது மற்றொரு வாதம். மரபை அறியாதார் மொழி இது. தொல்காப்பியர் பறையையும் யாழையும் நிலத்தின் கருப்பொருள்களாக வைத்தார். முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரையாசிரியர்கள் வகுத்தனர். நிலத்துக்கு ஒரு பறை. வினைக்கு ஓர் ஒலி. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகியல்பைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் பாடினார். வீட்டினுள் நுழையாமலே ஒலி கொண்டு துயரையும் மகிழ்வையும் பிரித்தறிந்த செவி அக்காலத் தமிழரின் செவி. இன்றோ இரண்டு வீட்டிலும் ஒரே திரைப்பாடல், ஒரே உச்சத்தில்!

தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதற்குத் தழலும் தட்டையும் குளிரும் இருந்தன. அவை எச்சரிக்கை ஒலிகள். அதே தினைப்புனத்தில் கொடிச்சி குறிஞ்சிப்பண் பாட, கதிர் கொள்ள வந்த யானை தின்னவும் மறந்து உறங்கியதாக அகநானூறு காட்டுகிறது. பாலைப்பண் கேட்ட வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தைக் கைவிடுவர் எனப் பொருநராற்றுப்படை கூறுகிறது. கிளியை விரட்டியது ஓசை. யானையை வென்றது இசை. விரட்டுவதற்கும் வயப்படுத்துவதற்கும் வெவ்வேறு ஒலி வேண்டும் என்பதைத் தினை காத்த பெண் அறிந்திருந்தாள்.

இசை மனத்தை ஆள்வது எவ்வாறு? அமெரிக்க அறிஞர் லெனார்டு மேயர் 1956இல் வெளியிட்ட நூலில், எதிர்பார்ப்பு தடைப்பட்டுத் தாமதமாகும் இடத்தில் உணர்ச்சி பிறக்கிறது என்றார். ஆலாபனையில் வித்துவான் ஆதார சுருதியை நெருங்கி, நெருங்கி, தொடாமல் நிறுத்தும் அக்கணத்தில் அவை மூச்சடக்குகிறது. அங்கே ஒலியினும் மௌனமே மிகுதியாகப் பேசுகிறது. செய்யுள் படிக்கும் ஆசிரியர் சீர் பிரித்து, நிறுத்தி, தாழ்ந்த குரலில் படிப்பாராயின், கடைசி வரிசை மாணவனும் முன்னோக்கிச் சாய்வான்.

ஆகவே, பள்ளிமணி அடிக்க வேண்டியதற்கு மட்டும் அடிக்கட்டும். தீ எச்சரிக்கைக்கு உரிய ஒலியை வேறெதற்கும் பயன்படுத்தாதிருக்கட்டும். விழாக் குழுவினர் ஒலிபெருக்கியின் திருகைச் சற்றே பின்னோக்கித் திருப்பட்டும். வகுப்பு அடங்க வேண்டுமாயின் ஆசிரியர் வாய்மூடிக் காத்திருக்கட்டும். நாள்தோறும் ஐந்து நிமிடம் கண்மூடிக் கேட்கும் பயிற்சியை மாணவர் பெறட்டும்.

இந்நாட்டுத் தமிழ்ப்பிள்ளைகள் பலருக்குச் செம்மையான தமிழ் ஒலி கேட்கும் இடம் வகுப்பறை ஒன்றே. அங்கும் இரைச்சலே கேட்குமாயின், நாளை ழகரத்தை எவரிடம் கேட்டு அவர்கள் கற்பர்?